ஒன்று மிச்சம்

என் கல்யாணத்துக்கு அப்பா கொடுத்தது
ஒரு தையல் மெஷின், இரண்டு கம்பளி,
ஒரு செட் பல்.

அப்போது எனக்குப் பத்தொன்பது வயது.
வளைகுடாவில் பனிக்கட்டி உடைந்துகொண்டிருந்த ஏப்ரல்.
காஸ்பே கரையில் எங்கள் பக்கம் அது வழக்கம்தான்:
பின்னாளில் மாப்பிள்ளை தலையில்
பல் வைத்தியச் செலவு விழக்கூடாது.
ஒரே காலையில் இருபத்தேழு பிடுங்கினார்கள்.
சொத்தை அதில் நான்கு.
மீதியைப் பற்றி யாரும் கேட்கவில்லை.
நானும்தான்.

தானமாய் வந்த மாட்டைப்
பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாதாம்.
ஒவிலா பார்க்கவில்லை.
ஐம்பத்தோரு வருஷம் நான் காட்டவுமில்லை.
குளியலறையைத் தாழிட்டுக் கழற்றி, தேய்த்து,
மறுபடி மாட்டிக்கொண்டுதான் படுக்கைக்கு வருவேன்.
ஈறு புண்ணாகும். ஆறும். மறுபடி புண்ணாகும்.

ஒரே ஒரு தடவை.
அவன் சிறு படகில் போனபோது
அலை குமட்டி நான் விளிம்பில் குனிய,
மேல் வரிசை கடலுக்குள் போயிற்று.
வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.
துடுப்புப் போடுகிறவன்
எதிரே இருப்பவளைத்தான் பார்த்தாக வேண்டும்.
அவன் வழி முழுக்கத் தோளுக்கு மேல் திரும்பிக்
கரையையே பார்த்தபடி வலித்தான்,
காற்று மேற்கே திரும்புகிறது என்று சொல்லிக்கொண்டு.
மறுநாள் அவனுக்குக் கழுத்து பிடித்துக்கொண்டது.
அதைப் பற்றி நாங்கள் பேசியதே இல்லை.

இப்போது இருப்பது ஐந்தாவது செட்.
வாய்தான் அதற்குப் பொருந்தவில்லை.
கரைந்த சோப்புத் துண்டாகிவிட்டது தாடை.
ஒரு ராஸ்பெர்ரி விதை தட்டுக்கடியில் நுழைந்தால்
அன்றைய சாப்பாடு முடிந்தது.
பசையின் புதினா வாடை காபியிலும் வருகிறது.
பல் போனால் சொல் போச்சு என்பது சரிதான்;
வியாழக்கிழமை பிங்கோவில் எண் கூப்பிடுவது நான்.
எங்கள் பிரெஞ்சில் அறுபத்தாறைச் சொல்ல
நான்கு இடத்தில் 'ஸ' வரும்.
நான்கு சீழ்க்கை.
கடைசி மேசையில் ஜெரார்தீன்
தன் நாயைக் கூப்பிடுவதாக நடிப்பாள்.

அதனால்தான் ரிமூஸ்கிக்குப் பஸ் ஏறினேன்.
டாக்டர் மயேலுக்கு முப்பது வயது இருக்கும்.
கீழ்த் தாடையில் நான்கு டைட்டானியம் திருகு,
அதன்மேல் பட்டன் போலப் பல் வரிசை மாட்டும் என்றாள்.
ஆப்பிள் கடிக்கலாமா?
கடிக்கலாம்.
ஒவிலாவின் பெரிய படகை விற்ற பணத்தோடு
இன்னும் மூவாயிரம் டாலர் சேர்க்க வேண்டும்.

எக்ஸ்ரேயைத் திரையில் போட்டுவிட்டு
கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை அவள்.
பிறகு பேனா முனையால் தொட்டுக் காட்டினாள்.
இடது பக்கம், எலும்புக்குள்,
வெள்ளையாய், படுத்தபடி, ஒரு கோரைப்பல்.
முளைக்காமலே இருந்துவிட்டது என்றாள்.
பிடுங்கியவர் கண்ணில் பட்டிருக்காது.

அறுபது வருஷம்.
இத்தனை ரொட்டி, இத்தனை ஜெபம்,
ஒவிலாவின் சாவு வீட்டில் பல்லைக் கடித்துக்கொண்டு
நான் நின்ற அந்த மூன்று நாள்,
எல்லாவற்றுக்கும் அடியில்
எனக்கென்று ஒன்று இருந்திருக்கிறது.

"திருகு போகும் இடம் அது. எடுத்துவிடலாம்,
சின்ன ஆபரேஷன்" என்றாள் மயேல்.
நான் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.
கொஞ்சம் சாய்ந்து, உள்ளே திரும்பி,
பிடிவாதமாக இருந்தது. என் அம்மா ஜாடை.

"மூன்று திருகு போதாதா?" என்று கேட்டேன்.

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும்
நாற்காலியைத் திரைப் பக்கம் இழுத்துக்கொண்டு,
"அளந்து பார்க்கிறேன்" என்றாள்.

திரும்பும் பஸ்ஸில் மத்தான் தாண்டும் வரை
நாக்கு அந்த இடத்திலேயே நின்றது.
அங்கே தட்டுப்படுவது பிளாஸ்டிக்தான்.
தெரியும்.
கையெழுத்துப் போடாத காகிதம் பைக்குள் இருக்கிறது.
வியாழக்கிழமை
அறுபத்தாறு வந்தால் வரட்டும்.